திருப்தி என்றால் ஒன்றை அழுத்தவும்

பிணத்தின் சட்டைப்பையில் போன் அடித்தது!

வைக்கோல் போரைச் சுற்றி நின்றவர்கள் பதறிப் பின்வாங்கினார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் குனிந்தாள். பிசுபிசுத்த போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

தேன் தடவிய பதிவுக் குரல்.

"வணக்கம்! அமைதி உதவி எண். எங்கள் சேவை திருப்தி என்று ஒன்றை அழுத்தியதற்கு நன்றி!"

"செத்தவன் எப்படி மேடம் அழுத்துவான்?" என்றார் ஏட்டு.

"கொன்னவன் அழுத்தியிருக்கான்யா. ரிங்க நிறுத்தறதுக்கு எதையோ தட்டியிருக்கான்."

அவள் முகம் சுளித்தாள். கல் குவாரியில் வளர்ந்தவள். பாறைக்கடியில் கூழான உடம்புகளைப் பார்த்தவள். ரத்தத்துக்கெல்லாம் சுளிக்க மாட்டாள்.

அந்தத் தேன் குரலுக்குச் சுளித்தாள்.

உதவி எண் அலுவலகம் ஏசியில் விறைத்துக் கிடந்தது. சுவரில் போஸ்டர். 'சண்டை நிறுத்தத்தை மீறி யார் ஆயுதம் எடுத்தாலும் மெசேஜ் அனுப்புங்கள்!' அதற்குக் கீழே... 'போனில் ரிங் சத்தமாக இருக்கட்டும்.'

ஆபரேட்டர் பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"டிராக்டர் டிரைவர் மேடம் அவரு. 'துப்பாக்கி இறக்குறாங்க, வைக்கப்போருக்குள்ள ஒளிஞ்சிருக்கேன், போன் பண்ணாதீங்க'ன்னு மெசேஜ் போட்டாரு. உடனே டைரக்டர் சார்கிட்ட காமிச்சேன்..."

"அப்புறம் எதுக்கும்மா போன் பண்ணீங்க?"

"நாங்க பண்ணல மேடம். இருபதாவது நிமிஷம் கம்ப்யூட்டரே கூப்பிடும். திருப்தியான்னு கேக்கும்."

"ஒளிஞ்சிருக்கறவன்கிட்டயா?"

"எல்லார்கிட்டயும்தான்..."

டைரக்டர் டையைச் சரிசெய்தபடி வந்தான். "சிஸ்டம் பண்றது மேடம். யார் மேலயும் தப்பில்ல. தொண்ணூத்தி நாலு பர்சென்ட் திருப்தி, ஸ்கிரீனப் பாருங்க! மத்தியானம் ஃபாரின் கெஸ்ட் வர்றாங்க, கொஞ்சம் சீக்கிரம் முடிச்சீங்கன்னா..."

"செத்தவனும் அந்தத் தொண்ணூத்தி நாலுல உண்டா?"

அவன் வாயைத் திறக்குமுன்...

டிங்!

சுவர் ஸ்கிரீனில் புது மெசேஜ். கூடவே அனுப்பியவர் நம்பர். வாய்விட்டுப் படித்த ஆபரேட்டர் பாதியில் அலறினாள்.

"டிரைவர் சம்சாரம் நான். கொன்னவங்க மூஞ்சியப் பாத்துட்டேன். பம்புசெட் ரூம்ல பதுங்கியிருக்கேன். தயவுசெஞ்சு போன் பண்ணாதீங்க!"

"நிறுத்துங்கய்யா அந்தக் கம்ப்யூட்டர!" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"முடியாதே மேடம்... பாஸ்வேர்ட் ஹெட் ஆபீஸ்ல..."

"ஒரு உசுரு போகப் போகுது சார்!" என்று ஆபரேட்டர் கதறினாள்.

"புரியுதும்மா. ஆனா ஒரு நடைமுறைன்னு இருக்கில்ல?"

இன்ஸ்பெக்டர் நடைமுறை பார்க்கவில்லை. வயர்களைக் கொத்தாகப் பிடித்து ஒரே இழுப்பு! கல் உடைத்த கை. பிளக்கோடு சுவர்க்காரையும் பெயர்ந்து வந்தது.

ஸ்கிரீன் இருண்டது. தொண்ணூற்றி நாலும் போயிற்று.

"இனிமே எவனுக்கும் ரிங் போகாது."

டைரக்டர் வியர்த்தான். அந்த ஏசியிலும்!

"ஒரு நிமிஷம் மேடம்... பாத்ரூம்."

கதவு சாத்திக்கொண்டது. இன்ஸ்பெக்டர் பூனை மாதிரி நடந்துபோய்க் காதை வைத்தாள். ஜீப்பிலிருந்து அப்போதுதான் வந்த ஏட்டும் பக்கத்தில் நின்றார்.

உள்ளே கிசுகிசுப்பு.

"பம்புசெட் ரூம்தான்டா... இந்தப் பொம்பள வயரப் பிடுங்கித் தொலைச்சிட்டா. இன்னொரு போன்ல நானே ரிங் விடறேன். சத்தம் வர்ற பக்கமா சுடு... கேக்குதா?"

கேட்டது.

ஏட்டின் பாக்கெட்டில்!

ஒரே உதை. கதவு கழன்றது. இரண்டு காதிலும் இரண்டு போனோடு டைரக்டர்!

"டி... டிரைவர் சம்சாரம்...?"

"அவனுக்குக் கல்யாணமே ஆகல சார். மெசேஜ் போட்டது நம்ம ஏட்டு. அவன் ஒளிஞ்ச எடம் தெரிஞ்சது உங்க ரெண்டு பேருக்குத்தான். இந்தப் பொண்ணு அழுதுச்சு. நீங்க டை கட்டினீங்க. பம்புசெட் ரூம்ல இப்ப எங்காளுங்க எட்டுப் பேரு உங்காளுக்காக உக்காந்திருக்காங்க."

அவன் இரண்டு போனையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"ஏன்யா... அமைதிக்குன்னு ஆபீஸ் போட்டுட்டு?"

"சண்ட நின்னா ப்ராஜெக்ட்டும் நின்னுடும் மேடம். வர்ற மார்ச்சோட முடியுது... அங்கங்க நாலு குண்டு வெடிச்சாத்தான் எக்ஸ்டென்ஷன் குடுப்பாங்க..."

இன்ஸ்பெக்டர் வாஷ்பேசினில் காறித் துப்பினாள். அவன் மணிக்கட்டில் விலங்கைப் பூட்டினாள்.

"எக்ஸ்டென்ஷன்தான சார்? கவலைய விடுங்க, நான் வாங்கித் தர்றேன்... ஆயுசு முழுக்க!"