பச்சை எரிந்தால் போதும்

வேலிப் பெட்டியின் ‘டிக்’ அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது.

அடுப்படியில் பாப்பாவுக்குக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்த தமிழ்ப்ரியா கரண்டியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். சாந்தன்பாறைக்கு மேலே, ஏலத்தோட்டத்து நடுவில் ஒற்றை வீடு அது. நாலு நாளாக வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை; சாயங்காலம் ஐந்து மணிக்கே மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது, ஈர மண் வாடையும் பச்சை ஏலக்காய் வாடையும் புகையோடு கலந்து மூக்கை அடைத்தன. வழக்கமாக நொடிக்கு ஒன்றாக அடிக்கும் டிக். அது அடித்தால் வீட்டைச் சுற்றியிருக்கும் சோலார் வேலியில் கரண்ட் ஓடுகிறது, காட்டு யானை கொம்பன் கிட்டே வரமாட்டான் என்று அர்த்தம். அந்தச் சத்தம் இல்லாமல் அவளுக்குத் தூக்கமே வராது. இப்போதோ ஒரு டிக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று மூச்சு விட முடிந்தது.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்பக்கச் சாய்ப்புக்குப் போனாள். பெட்டியில் பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்தது. பச்சை எரிந்தால் பாட்டரி ஃபுல்.

முன்பெல்லாம் அவளும் ஊரைப் போலத்தான், ஈரப் புல் ஒன்றைக் கிள்ளிக் கம்பியில் வைத்துப் பார்ப்பாள். விரலில் சுருக்கென்றால் வேலி உயிரோடு இருக்கிறது. வயிற்றில் பிள்ளை தங்கியதும் புருஷன் அருண்பாண்டிதான் தடுத்தான். “இனிமே கம்பிகிட்டப் போகாத புள்ள. பச்ச எரிஞ்சா போதும்.” எவ்வளவு அக்கறை என்று உருகிப்போனாள்.

இன்றைக்கு ஏனோ மனசு கேட்கவில்லை. சாய்ப்பை ஒட்டிப் போகும் கம்பியில் புல்லை வைத்தாள். ஒன்றுமில்லை. விரலையே வைத்தாள். சில்லென்ற இரும்பு. லேசாக ஓர் அதிர்வு மட்டும். அது கரண்ட் இல்லை.

செல்போன் வெளிச்சத்தில் பாட்டரியைப் பார்த்தாள். மேலே புது ஸ்டிக்கர். கீழே உருகிப்போன மூலை.

அந்த மூலை அவளுக்குத் தெரியும். போன மழைக்காலத்தில், குளிருக்குப் பாட்டரி சோம்புகிறதே என்று, அவளேதான் தினமும் அதை ஏலக்காய் காயவைக்கும் ட்ரையர் பக்கத்தில் வைத்துச் சூடு காட்டினாள். “சூடு பட்டா சீக்கிரம் கெழடாயிரும்மா. மீட்டர்ல ஃபுல்லுனு காட்டும், வேல குடுத்தா படுத்துரும்” என்று கடைக்காரர் மொய்தீன் கைவிரித்த பிறகுதான் புதுசு வாங்கினார்கள். அந்தப் புதுசின் ஸ்டிக்கர்தான் இந்தக் கிழட்டுப் பாட்டரியின் மேல் ஒட்டியிருந்தது.

அருண்பாண்டி ஜீப்பில் ஆள் ஏற்றுகிறவன். மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டது என்று சொல்லி மூன்று நாளாகக் கீழே போடியிலேயே தங்கியிருந்தான். கூப்பிட்டாள்.

“ஏங்க, புது பாட்டரி எங்க?”

ஜீப் உறுமும் சத்தம் கேட்டது. “குளிருல வண்டி ஸ்டார்ட்டே ஆகமாட்டேங்குது புள்ள. அதான் மாத்திட்டேன். வெயிலடிச்சா வேலிக்குப் பழசே தாங்கும்னு நெனச்சேன்...”

“காலைல லேபர் ஜீப்பெல்லாம் மேல வந்துச்சே? ரோடு அடைக்கவே இல்லையா?”

ஜீப்பின் உறுமல் சட்டென்று நின்றது.

“வேலி செத்துரும்னு தெரிஞ்சுதான் வராம இருக்கியா? நானும் பாப்பாவும் இங்க கெடந்து சாகணுமா?”

“பச்ச எரியுதுல்ல?” என்றான். பிறகு போனை வைத்துவிட்டான்.

அடப்பாவி! அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவன். பிள்ளைக்குப் பேர் வைத்தவன். அவனுக்கு ஜீப் பெரிசாகிவிட்டது.

டிக்.

நிமிர்ந்தாள். வேலி செத்திருக்கிறது. பெட்டி எப்படி அடிக்கும்?

பெட்டியின்மேல் காதை வைத்தாள். உள்ளே அசைவே இல்லை.

டிக்.

சத்தம் வெளியே. அடுத்த வேலிக்கால் பக்கம்.

பச்சைத்தழையும் சாணியும் கலந்த வாடை. பாப்பாவின் வாயைப் பொத்தினாள். பனி கொஞ்சம் விலகியது. அங்கே வெள்ளையாக ஒன்று, அவள் கை நீளத்துக்கு. தந்தம். அதன் நுனி கம்பியைத் தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது. தந்தத்தில் ஷாக் ஏறாது.

எத்தனை நாளாகத் தட்டிப் பார்க்கிறது?

தந்தம் பின்வாங்கியது. இருட்டுக்குள்ளிருந்து தும்பிக்கை இறங்கியது. நுனி ஈரமாக இருந்தது. மெல்ல, மிக மெல்ல, அவள் புல்லை வைத்த அதே மாதிரி, கம்பியைத் தொட்டது.

சுருக்கென்று எதுவும் இல்லை.

தும்பிக்கை கம்பியைச் சுற்றிப் பிடித்தது. அவள் பக்கத்தில், பெட்டியில், பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.