தூக்கிய கை

அக்கா வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஆனால் அந்த வீட்டுக்குள் வெயில் வராது. ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், அதில் பாசி. ராத்திரி முழுக்கக் கிடங்கில் பெட்டி ஏற்றிவிட்டு வருகிறவனுக்கு அந்த இருட்டு நல்லதுதான். ஆனால் அன்று நான் தூங்க வரவில்லை.

"கொஞ்ச நாளா டேப்லெட் கிளாஸ் முடிஞ்சா புள்ளைக்கு மூச்சு வாங்குதுடா," என்றாள் அக்கா, செருப்பை மாட்டிக்கொண்டே. ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை அவளுக்கு. "டாக்டர் நெஞ்சுல ஒண்ணும் இல்லங்கிறாரு."

"ஒண்ணும் இல்லன்னா ஏன் வாங்குது?"

"அது தெரிஞ்சா நான் டாக்டராகியிருப்பேன். பக்கத்துலயே உட்காரு. தூங்கித் தொலைக்காத."

படியிறங்கப் போனவள் நின்று குரலைத் தாழ்த்தினாள்.

"இவ கிளாஸ்ல ஒரு பொண்ணு போன மாசம் மூச்சிழுப்பு வந்து செத்துப்போயிடுச்சு. வீட்டுல யாருமில்ல, எல்லாரும் வேலைக்குப் போயிருந்தாங்க. கிளாஸ் முடியிற வரைக்கும் நல்லாத்தான் உட்கார்ந்திருந்துச்சுன்னு பள்ளிக்கூடத்துல சாதிக்கிறாங்க."

"யார் பார்த்தாங்களாம்?"

அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

அக்கா மகளை நாங்கள் ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். தூக்கத்தில்கூட வாய் ஓயாது. அந்த ரேடியோ இப்போது சுவரோரம் மேசைமுன் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது. எதிரே டேப்லெட். சூடேறிய பிளாஸ்டிக் வாடை.

"என்ன ரேடியோ, கரண்ட் போயிடுச்சா?"

"உஷ். அசையக் கூடாது மாமா. மூஞ்சி கட்டத்தை விட்டு வெளிய போனா ஆப்சென்ட்."

"ஒண்ணுக்கு வந்தா?"

"இந்த மஞ்சள் கை பொம்மையை அமுக்கிட்டுக் காத்திருக்கணும். மிஸ் சரின்னு சொன்னாத்தான் எழுந்திருக்கலாம்."

"மிஸ் பாக்கலைன்னா?"

"அடக்கிக்கணும்."

நான் பத்தாவதோடு ஓடிவந்தவன். என்னை அடித்திருக்கிறார்கள், வெயிலில் முட்டி போட வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தின் மேல் எனக்குப் பாசமெல்லாம் கிடையாது. ஆனால் அங்கே ஒருவனுக்கு மூச்சு முட்டினால் பக்கத்துப் பெஞ்சுக்காரனாவது கத்துவான். இங்கே கத்தினாலும் கேட்காது. எல்லார் மைக்கையும் அடைத்து வைத்திருந்தார்கள்.

திரையில் டீச்சர் சிரித்தபடி பின்னம் நடத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் மழை. எங்கள் ஊரில் மழை பெய்து எத்தனையோ நாளாயிற்று.

"இது பழைய வீடியோவா?"

"வெளிய சொல்லாத மாமா. மிஸ்ஸுக்கு ஒரே நேரத்துல ரெண்டு கிளாஸ் குடுத்துட்டாங்க. எங்களுக்கு இதைப் போட்டுட்டு அந்தக் கிளாஸுக்குப் போயிடுவாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகள், பார்க்க ஓர் ஆளில்லாத கேமராமுன் ஒன்றுக்கை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

மெல்லிய விசில். இழுத்து, நின்று, மறுபடி இழுத்து.

திரையின் கடைசிக் கட்டத்தில் விளக்குப் போடாத ஓர் அறை. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண். பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் கை தூக்கியிருந்தது. தோள்கள் ஏறி இறங்கின.

"யாரு இது?"

ரேடியோ உதடுகளை இறுக்கி மூடியிருந்தாள். கன்னம் வெளுத்திருந்தது.

மற்ற கட்டங்களைப் பார்த்தேன்.

எல்லாப் பிள்ளைகளும் வாயை மூடியிருந்தார்கள்.

எவருக்கும் மார்பு அசையவில்லை.

ரேடியோவைப் பிடித்து உலுக்கினேன். ஒரு வாய் காற்றை இழுத்தாள். "அவதான் மாமா. செத்துப்போனவ. மூச்சு பத்தலையாம். ஆளுக்குக் கொஞ்சம் குடுக்கிறோம்." மறுபடி வாயை மூடிக்கொண்டாள்.

டேப்லெட்டை அணைத்தேன். விசில் நிற்கவில்லை. ரேடியோவின் உதடு நீலமானது. திரும்பப் போட்டேன். அவசரத்துக்கு என்று அக்கா சுவரில் ஒட்டியிருந்த டீச்சரின் எண்ணுக்கு அடித்தேன்.

"கிளாஸ் நேரத்துல கூப்பிடக் கூடாது சார்," கிசுகிசுத்தார்.

"எந்தக் கிளாஸ் மிஸ்? இங்க உங்க வீடியோதான் கத்திட்டிருக்கு. உடனே உள்ள வாங்க. கடைசிக் கட்டத்துல ஒரு பொண்ணு கை தூக்கிட்டிருக்கு."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம்.

"நான் அந்தக் கட்டத்தைப் பார்க்கறதே இல்ல சார்."

"அன்னைக்கும் பார்க்கல."

அழுதார். "அன்னைக்கு நான் இல்லாதது வெளிய தெரிஞ்சா பள்ளிக்கூடத்து மானம் போயிடும்னு வாயை மூடச் சொன்னாங்க. எனக்குப் பயமா இருக்கு சார்."

"அதுக்கும் பயமாத்தான் இருந்திருக்கும். எங்க புள்ளைக்கு இங்க மூச்சு போயிட்டிருக்கு மிஸ்! அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்னு கேளுங்க!"

சிரிக்கும் டீச்சர் மறைந்தார். அழுத முகத்தோடு நிஜ டீச்சர் வந்தார். அந்தக் கட்டத்தின் மைக்கைத் திறந்தார்.

விசில் அறையை நிறைத்தது. அதன் நடுவே ஒரு குரல், துண்டு துண்டாக, மரியாதையாக.

"மிஸ்... மருந்து பக்கத்து ரூம்ல இருக்கு மிஸ். எழுந்து போகலாமா?"

அவ்வளவுதான். அதைக் கேட்கத்தான் கை தூக்கியிருக்கிறாள். சொன்னபடி கேட்கிற பிள்ளை. கட்டத்தை விட்டுப் போகக் கூடாது என்றார்கள், போகவில்லை. என்னை மாதிரி ஓடுகாலியாக இருந்தால் பிழைத்திருப்பாள்.

"போ மா," என்றார் டீச்சர். "ஓடு."

மஞ்சள் கை இறங்கியது. நாற்காலி காலியானது. எல்லாக் கட்டங்களிலும் பிள்ளைகள் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். யாரோ இருமினார்கள், யாரோ அம்மா என்று அழுதார்கள். ரேடியோ என் மடியில் சரிந்தாள். அவள் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சற்று நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி வந்தது. இன்றைய வகுப்பில் அனைவரும் ஆஜர். வாழ்த்துகள்.

வாயில் வந்த கெட்ட வார்த்தையை ரேடியோவுக்காக விழுங்கினேன்.

அப்போது உள் அறையில் டிராயர் இழுபடும் சத்தம் கேட்டது.

அக்கா வர நேரமாகும். கதவை நான்தான் தாழிட்டிருந்தேன்.

டிராயர் மூடியது. அலமாரி திறந்தது. டப்பாக்கள் உருண்டன.

"மாமா," ரேடியோ என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம வீட்டுல இருக்காதுன்னு சொல்லு மாமா."

"எது?"

"அவ மருந்து. எந்த வீட்டுலன்னு அவளுக்கு மறந்துபோச்சு. எல்லார் வீட்டுலயும் தேடறா."

என் அலைபேசி அடித்தது. டீச்சர்.

"சார்," என்றார். "என் பீரோவை யாரோ திறக்கறாங்க சார்."

விசில் கேட்டது. அவருக்குப் பின்னாலா, எனக்குப் பின்னாலா என்று தெரியவில்லை.