ஒன்பதாம் நம்பர் வீட்டுப் பரண்

நெரிஸ் அப்பாவுக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டு நிமிர்ந்தாள். தலைக்கு மேலே மடமடவென்று ஒரு சத்தம்... சீலிங்கைப் பெயர்த்துக்கொண்டு ஒரு பூட்ஸ் கால் தொங்கியது.

“யாருய்யா அது?”

“மன்னிச்சுக்குங்க... இது ஏழாம் நம்பர் வீடு இல்லையா?”

“ஒன்பது.”

அந்தக் காலத்து வேல்ஸ் வரிசை வீடுகளே அப்படித்தான். கீழே சுவருக்குச் சுவர், மேலே கூரைக்கடியில் பரண் மட்டும் தடுப்பில்லாமல் ஒரே ஓட்டம். பக்கத்து வீட்டுப் பரணில் குளிருக்குப் பஞ்சு விரிக்க வந்த கெதின், பலகையை நம்பி இருட்டில் நடந்து, பலகை முடிந்த இடத்தில் காலை விட்டிருக்கிறான்.

இறங்கி வந்தவனின் முகமெல்லாம் தூசி. நடுவில் மழைமேக நிறத்தில் இரண்டு கண்கள்... சே, திட்ட வேண்டிய நேரத்தில் கண்ணையா பார்ப்பது?

கட்டிலில் அப்பா இருமினார். இந்த வீட்டுக் குளிர் அவர் நெஞ்சுக்கு ஆகாது, முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடு என்று டாக்டர் சொல்லியாயிற்று. அவள் இன்னும் சம்மதிக்கவில்லை.

“உங்க பரண்ல பலகைய நேரா உத்தரக் கட்டை மேலயே அடிச்சிருக்காங்க. அடியில பஞ்சு நசுங்கிப் போச்சு, சூடு பூரா மேல ஓடிடுது” என்றான் கெதின். “ஓட்டை போட்டதுக்கு ஈடா நானே சரி பண்ணித் தரேன்.”

“ஓட்டைய மட்டும் அடைங்க, போதும். யாரோட தயவும் எங்களுக்கு வேண்டாம்.”

“அம்மாடி,” என்றார் அப்பா, “உன் ரோஷத்தைப் போர்த்திக்க முடியுமா? எனக்கு இங்கயே இருக்கணும்மா... அவன் செய்யட்டும்.”

அவள் டீ போடப் போனாள்.

கெதின் பலகைகளைப் பெயர்த்தான். கட்டைமேல் குட்டைக் கால்கள் நட்டு, இடையில் பஞ்சைப் புசுபுசுவென்று நிரப்பி, மேலே திரும்பப் பலகை போட்டான். கூரை சரியும் மூலைகளில் குப்புறப் படுத்துத் திணித்தான்.

“உள்ளயே தூங்கிட்டீங்களா?”

“டீ வந்தா முழிச்சுப்பேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

வேலை முடிந்து அவன் போனபின் வீடு வெறிச்சென்றிருந்தது... ஆனால் கதகதப்பாக. அப்பா இருமாமல் தூங்கினார். டாக்டரும் வந்து பார்த்துவிட்டு, இங்கேயே இருக்கட்டும் என்றுவிட்டார்.

உறைபனி விழுந்த ஒரு காலை. கதவைத் திறந்தால் தெருவில் கெதின், அவள் கூரையையே பார்த்தபடி.

“எதிர் வரிசைக் கூரையெல்லாம் பனி உருகிக் கறுப்பா இருக்கு. உங்களுது வெள்ளையா நிக்குது, பாருங்க. சூடு உள்ளயே இருக்கு.”

அவள் கண் நிறைந்துவிட்டது. “எங்கப்பாவ எங்கிட்டயே வச்சிருக்கீங்க... இந்த நன்றிய எப்படிச் சொல்றதுன்னே தெரியல.” குரல் தாழ்ந்தது. “உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, கெதின்.”

அவன் காதுவரை சிவந்தான். “நானும் கூரையப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?”

“நாளைக்கும் வருவீங்களா?”

“இந்தக் கூரைல பனி உருகுற வரைக்கும் வருவேன்.”

“அதான் உருகாதே...”

“அதனாலதான் சொன்னேன்.”