மோதிரம் வேணா மச்சான்

நப்லாவின் வீட்டில் இன்று கல்யாணம். காலையிலிருந்து அவளுக்குக் கால் தரையில் படவில்லை. பந்தலுக்கும் அடுப்படிக்கும் பத்துத் தடவை ஓடிவிட்டாள்.

மணப்பெண், அவளுடைய அக்கா ஸுல்பிகா ராத்தா. கல்முனைப் பக்கத்து வழக்கப்படி, மாப்பிள்ளை அஸ்கி மச்சான்தான் இனி இந்த வீட்டில் வந்து இருக்கப் போகிறார். அவருக்காக உம்மா பெரிய அறையைக் காலி செய்துவிட்டார். சிக்கலே அதுதான். அது வாப்பாவின் புத்தக அறை!

வாப்பா ஒலுவில் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பிக்கிறவர். ஐந்நூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்து அறிஞர் ஒருவரின் குடும்பத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். சோறு தின்னும்போதும் அந்த ஆளின் கதைதான்.

“அந்த மனிசன் பொம்புளப் புள்ளைகளுக்கும் லத்தீன் படிப்பிச்சாரு. கட்டிக் குடுத்த பொறகும் மகள்மாரையும் மருமகன்மாரையும் வீட்டோடயே வெச்சிக்கிட்டாரு. நம்மட ஊர் ஆக்களப் போல!” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது அவருடைய புத்தகங்கள் முப்பத்தேழு பெட்டிகளில், பின்வளவுத் தகரக் கொட்டிலில் கிடந்தன. கூரையில் ஓட்டை. வானமோ கடல் பக்கமாகக் கறுத்துக்கொண்டு வந்தது.

நப்லா கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். புதுச் சட்டையும் தொப்பியுமாக வாப்பா, ஒரு பெட்டியைப் பழைய சாக்கால் மூடிக்கொண்டிருந்தார்.

“வாப்பா, அந்த இங்கிலாந்து மனிசனும் மருமகன் வந்தோடன புத்தகத்தத் தூக்கி வெளிய வெச்சாரா?”

“அப்பிடி எங்கயும் எழுதி இல்ல மகள். கொட்டில் ஒழுகுற கதைய உம்மாட்டச் சொல்லிராத. கலியாண நாள்ல சண்ட வேணா.”

அவர் முகத்தைப் பார்க்க நப்லாவுக்கு அழுகை வந்தது. ஆனால் அழ எங்கே நேரம்? தெருவில் வெடிச்சத்தம் கேட்டது.

“மாப்பிள வந்துட்டாரு!”

வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவப் பெண்ணின் தம்பி செம்போடு நிற்க வேண்டும். கழுவியதும் மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். ஸுல்பிகாவுக்குத் தம்பி இல்லாததால், சாச்சியின் மூன்று வயது மகன் பர்ஹானைத் தயார்படுத்தியிருந்தார்கள். அவனோ வெடிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டான். இழுத்தால் கடிக்கிறான்.

“இப்ப யாரு கால் கழுவுற?” உம்மா தலையில் கை வைத்தார்.

நப்லாவுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. செம்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

“பொம்புளப் புள்ள கழுவுறல்ல கா!” என்று யாரோ கத்தி முடிப்பதற்குள், பாதித் தண்ணீர் மச்சானின் காலில். மீதி அவருடைய புது உடுப்பில்.

அஸ்கி மச்சான் சிரித்துக்கொண்டே மோதிரத்தை எடுத்தார்.

“மோதிரம் வேணா மச்சான்.”

மச்சான் மோதிரத்தோடு அவள் பக்கம் குனிந்தார்.

“அப்ப என்ன வேணும்?”

“வாப்பாட புத்தகமெல்லாம் கொட்டிலுக்க கிடக்கு. கூர ஒழுகும். உங்கட அறையில அதுக்கும் இடம் தாங்க.”

மச்சான் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா தன் செருப்பைப் பார்த்தார்.

“எத்தின பெட்டி?”

“முப்பத்தேழு.”

“அப்ப நான் எங்க படுக்கிற?”

“செவரோட அடுக்கினா நடுவுல கட்டிலுக்கு இடம் இரிக்கி. நான் அளந்து பாத்துட்டன்!”

பந்தலே அதிரும்படி எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் மோதிரத்தையும் அவள் விரலில் மாட்டிவிட்டு, தோழர்களைப் பார்த்தார். “வாங்கடா, மழைக்கு முந்தித் தூக்குவம்!”

முதல் பெட்டியை மாப்பிள்ளையே தூக்கினார். உம்மா வாப்பாவை ஒரு முறை முறைத்தார். “ஒழுகுதெண்டு என்னட்டச் சொன்னா என்ன?” என்று கேட்டுவிட்டு, அவரும் ஒரு பெட்டியைத் தூக்கினார். கடைசிப் பெட்டி உள்ளே போகவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

ஆனாலும் நிகாஹ் அரைமணி நேரம் பிந்தியது. மழையால் அல்ல. எல்லாரும் உட்கார்ந்த பிறகு, பெண்ணைக் கொடுக்க வேண்டிய வாப்பாவைக் காணவில்லை. நப்லா தேடிப் போனாள். மாப்பிள்ளையின் அறையில், திறந்த பெட்டி ஒன்றின் முன்னால் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“இந்தப் பக்கத்த மட்டும் முடிச்சிர்றன் மகள்,” என்றார்.