அப்பா ஓட்டிப் பார்த்த இயந்திரக் கை

"வா லாவண்யா, வூட்டுக்குப் போயிடலாம்!"

கண்புரை அறுவைக்காகப் பச்சை அங்கி மாட்டியிருந்த அப்பா வேணுகோபால், பொசுக்கென்று எழுந்துவிட்டார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஓர் இயந்திரக் கை, நுனியில் ஊசியோடு நின்றது.

"அது என் கண்ண நோண்டறதுக்கா? வேணாம்பா சாமி!"

லாவண்யா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். போன மாதம்தான் அப்பா கறுப்பென்று நினைத்து நீலப் பட்டிழையைப் புடவையில் நெய்துவிட்டார். இப்படியே போனால் தறியில் எப்படி உட்காருவார்?

"அது ரப்பர் கண்ணுல பழகிப் பாக்கறதுக்குங்க. உங்களுக்கு நான் என் கையாலதான் செய்வேன்" என்றார் டாக்டர் லீலா.

"அப்படித்தான் சொல்வாங்க" என்று அப்பா முணுமுணுத்தார்.

லாவண்யா யோசித்தாள். "டாக்டரம்மா, எங்கப்பா அத ஓட்டிப் பாக்கட்டுமா?"

டாக்டர் சிரித்தபடி தலையசைத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இரண்டு கைப்பிடிகள், ஒரு பெரிய திரை. அப்பாவின் சட்டை லாவண்யாவின் கையில் இருந்தது. நெசவாளர் சட்டையில் பட்டிழை ஒட்டாமல் இருக்குமா? இரண்டு இழைகளை எடுத்து டாக்டரிடம் கொடுத்தாள். அவர் அவற்றை ஊசியின் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"ரெண்டையும் பிணைங்கப்பா!" என்றாள் லாவண்யா.

திரையில் இழை கயிறுபோலத் தெரிந்தது. அப்பா உட்கார்ந்து கைப்பிடிகளைப் பிடித்தார். பழக்க தோஷம், "கொஞ்சம் சாம்பல் கெடைக்குமாம்மா?" என்றார்.

"ஆஸ்பத்திரியில சாம்பலா?" என்றார் டாக்டர்.

"சாம்பல் தொட்டாத்தான் இழை வழுக்காதும்மா."

அப்பா கையை ஒரு சாண் நகர்த்தினால், அங்கே ஊசி ஓர் எள்ளளவு நகர்ந்தது. இழையை முறுக்கினார். பட்டென்று அறுந்தது!

"இழை இழுக்கறது விரலுக்குத் தெரியலையேம்மா!"

டாக்டரின் சிரிப்பு நின்றது. "அதத்தாங்க எங்களாலயும் இன்னும் சரிபண்ண முடியல."

அப்பா கையை எடுத்தார். இயந்திரமும் அப்படியே நின்றது. மறுபடி தொட்டார், அசைந்தது.

"அட, நாம சொன்னாத்தான் ஆடுது. பாவம், பூனைக்குட்டி மாதிரி."

பிறகு டாக்டரின் விரல்களைக் கூர்ந்து பார்த்தார். "நடுங்காத கைம்மா. பெருமாள் இருக்காரு, ஆபரேஷனுக்கு வரேன்" என்று உள்ளே போனார்.

மறுநாள் கண்ணில் போட்ட கட்டைப் பிரித்ததும் லாவண்யாவைத்தான் முதலில் பார்த்தார். "ஏம்மே, உன் பாவாடை இவ்ளோ செவப்பா!"

பிறகு டாக்டரிடம் திரும்பினார். "உங்க மெஷினுல இழை இழுக்கறது விரலுக்குத் தெரியற அன்னிக்குச் சொல்லியனுப்புங்கம்மா. நானே வந்து ஓட்டிப் பாத்துச் சொல்றேன்."

"நூலு நான் எடுத்தாரேன்!" என்றாள் லாவண்யா.