புள்ளி வைத்த படங்கள்

காலை பத்து மணிக்கு ஸ்டூடியோவுக்குள் எழுந்த அலறலில், சுவரில் மாட்டியிருந்த மணமக்கள் படங்களில் நாலு பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். மற்றவர்கள் படம் எடுத்த அன்றே மூடியிருந்தார்கள்.

அலறியவர் முதலாளி. ஊர் அவருக்கு வைத்த பெயர் ஃபோகஸ்.

"போச்சு! ஒரு கல்யாணமே காணாம போச்சு!"

சரியாகச் சொன்னால் காணாமல் போனது பாதிக் கல்யாணம். ஒரு காட்சியை ஒரு தடவை எடுத்துத் திருப்தி அடைகிற ஆள் இல்லை ஃபோகஸ். மாப்பிள்ளை தும்மினால் அதற்கு ஏழு படம் இருக்கும். அதனால் நேற்றுப் பகல் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து, ஒரே மாதிரி இருந்த படங்களில் நல்லதாக ஒன்றைப் பார்த்து, அதன் மூலையில் சிவப்புப் புள்ளி வைத்தார். இன்று திறந்தால் புள்ளி வைத்த ஒரு படம்கூட இல்லை. மிஞ்சியவற்றில் மணப்பெண் கொட்டாவி விட்டாள், மாப்பிள்ளை மூக்கைச் சொறிந்தார், பெண்ணின் அப்பாவுக்குத் தலையே இல்லை. அந்த அப்பாதான் மாலை நாலு மணிக்குப் படம் பார்க்க வருகிறார். கேமரா கார்டையும் துடைத்து அடுத்த வேலைக்கு வைத்தாயிற்று.

"இது திருட்டு. திருடன் வெளிய இல்ல" என்று ஃபோகஸ் திரும்பினார். அவர் விரல் போய் நின்றது மனைவியின் தம்பி மேல். ஸ்டூடியோவில் கணினி வேலையெல்லாம் அந்த மச்சான்தான். எதிர்ச் சாரியில் சொந்தமாகக் கடை போடப் போவதாகப் போன வாரம்தான் வாய்விட்டுச் சொல்லியிருந்தான்.

"என்னையா சொல்றீங்க மாமா?"

"உன்னைத்தான் மாப்ளே. உன் கடை வாசல்ல மாட்ட என் படமா? பெட்டியைக் கட்டு. இனிமே இந்தப் படி ஏறக் கூடாது."

கல்லாவில் இருந்த மனைவி எழுந்தாள். "அவன் போனா நானும் போறேன். வீட்ல இருக்கற பெரிய பெட்டி எங்கப்பா வாங்கிக் குடுத்தது. அது எனக்கு. உங்களுக்குப் பூட்டு மட்டும்தான்."

"தம்பி, அவசரப்படாதே" என்றாள் ஓரமாக உட்கார்ந்திருந்த அத்தை. ஃபோகஸின் அப்பாவோடு கூடப் பிறந்தவள். ஒரு பெரிய சலவைக் கடையில் கறை நீக்கும் பிரிவையே ஆயுசு பூராவும் கட்டி ஆண்டவள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஸ்டூடியோவுக்கு வர, மச்சான்தான் உட்காரவைத்துக் கணினி சொல்லிக்கொடுத்தான். "அந்தப் பிள்ளை பச்சை மண்ணு. திருட்டுப் புத்தி கிடையாது."

அப்போது மாடியிலிருந்து பல் டாக்டரம்மா இறங்கி வந்தார். அரை மணியாக வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்த நோயாளி, ஃபோகஸ் போட்ட அலறலில் தானாகத் திறந்துவிட்டார். டாக்டரம்மா பல்லைப் பிடுங்கிய கையோடு நன்றி சொல்ல வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கண் பளபளத்தது. அந்தத் தெருவில் காணாமல் போன இரண்டு பூனையையும் ஒரு மாப்பிள்ளையையும் கண்டுபிடித்தவர் அவர்.

"இருங்க டாக்டரம்மா, கையில கறை" என்று அத்தை அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து, கறையைச் சுற்றி வட்டம் போட்டாள். "ஈரமாச்சுன்னா எது கறைன்னு தெரியாது. முதல்லயே குறி போட்டுடணும்."

டாக்டரம்மா கையை அத்தையிடம் விட்டுவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

காலை 10.40.

"படத்தைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"நேத்து சாயந்திரம். புள்ளி வச்சு முடிச்சுட்டு, அத்தையைப் பார்த்துக்கச் சொல்லிட்டு ஒரு வேலைக்குக் கிளம்பிட்டேன்" என்றார் ஃபோகஸ்.

"கம்ப்யூட்டர்ல குப்பைத் தொட்டி?"

"காலி. நான் பார்த்தேன்" என்றான் மச்சான்.

"நீ பார்த்ததாலதான்டா காலி!"

"வாயை மூடுங்க" என்றார் டாக்டரம்மா. "இதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல." பிறகு மச்சானிடம் திரும்பினார். "அந்தப் படமெல்லாம் உனக்கு வேணும்னா என்ன பண்ணுவே?"

"காப்பி பண்ணிக்குவேன்."

"அசல்?"

"அது பாட்டுக்கு அங்கேயே இருக்கும். மாமாவுக்கு ஏழு ஜென்மத்துக்கும் தெரியாது."

"பார்த்தீங்களா, திட்டத்தை!" என்று எகிறினார் ஃபோகஸ்.

டாக்டரம்மா மனைவியைப் பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?"

"இனிமேதான்."

"அத்தை, நேத்து சாயந்திரம் நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான். தம்பி சொன்ன வேலையை முடிச்சுட்டு, எடுத்தாச்சுன்னு அவனுக்குப் போன்ல சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்."

"ஆமா, சொன்னாங்க" என்றார் ஃபோகஸ். "அப்ப வரைக்கும் பத்திரமா இருந்திருக்கு. களவு அதுக்கு அப்புறம்தான்."

"படமெல்லாம் எப்படி இருந்துச்சு அத்தை?"

"யாருக்குத் தெரியும்? அடுத்தவங்க துணியையே விரிச்சுப் பார்க்க மாட்டேன். அடுத்தவங்க கல்யாணத்தையா பார்ப்பேன்?"

டாக்டரம்மா தன் சட்டைக் கையில் இருந்த சாக்கட்டி வட்டத்தைப் பார்த்தார். அடுத்த நொடி மேசையில் ஓங்கித் தட்டினார். சுவரில் கண் மூடியிருந்தவர்கள் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள்.

"கிடைச்சுடுச்சு! எல்லாரும் உட்காருங்க. ஆசைப்பட்டவன் காப்பி பண்ணிட்டுப் போயிருப்பான். ஆத்திரப்பட்டவன் மொத்தத்தையும் அழிச்சிருப்பான். இங்க கை வச்சவர் புள்ளி இருந்ததைத் தவிர வேற எதையும் தொடல. இதுல களவு எங்க இருக்கு? சொன்ன பேச்சைக் கேட்டிருக்காங்க, அவ்வளவுதான். நேத்து அத்தைகிட்ட என்ன சொன்னீங்க? ஒரு எழுத்து பிசகக் கூடாது."

ஃபோகஸ் யோசித்தார். "ஒரே மாதிரி நிறைய கெடக்கு அத்தை, புள்ளி வச்சதையெல்லாம் எடுத்துடுங்கன்னேன்."

"எடுத்துடுங்க! உங்க கடையில எடுக்கறதுன்னா என்ன? படம் எடுக்கறது, பிரிண்ட் எடுக்கறது, நல்லதாப் பார்த்துப் பொறுக்கி எடுக்கறது. என் கடையில? சொத்தைப் பல்லை எடுக்கறது. அத்தை, நீங்க வேலை பார்த்த கடையில?"

"கறையை எடுக்கறது" என்றாள் அத்தை சட்டென்று. "குறி போட்டிருந்தா கறை. அதை எடுத்துடணும்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது. கை வாய்க்குப் போயிற்று.

"ஐயையோ தம்பி! பொண்ணும் மாப்பிள்ளையுமா கறை?"

"அது ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்" என்றாள் மனைவி.

ஃபோகஸ் அத்தை பக்கம் குனிந்தார். "அத்தை... அழிச்சுட்டீங்களா?"

அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாரைப் பார்த்துக் கேக்கறே? அறுந்து விழுந்த பட்டனைக்கூட உறையில போட்டு, பேர் எழுதித் திருப்பிக் குடுத்தவ நான். கறையா இருந்தாலும் கஸ்டமரோட கறை." சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு சின்னக் காகித உறையை நீட்டினாள். மேலே அழகான கையெழுத்தில், 'பெண் வீட்டார் — அழுக்கு'. உள்ளே ஒரு பென் டிரைவ்.

மச்சான் அதை வாங்கிச் செருகினான். திரை நிறைந்தது. மணப்பெண் சிரித்தாள். மாப்பிள்ளையின் கை மூக்கை விட்டு இறங்கியிருந்தது. பெண்ணின் அப்பாவுக்குத் தலை வந்துவிட்டது. ஃபோகஸ் குதித்த குதியில், மாடியில் மரத்துப் போயிருந்த அடுத்த நோயாளியின் தாடைக்கு உணர்ச்சி திரும்பி, அவர் அங்கிருந்து ஒரு சத்தம் போட்டார்.

குதித்து முடித்துத் திரும்பினார். எல்லாரும் ஃபோகஸையே பார்த்தார்கள். மனைவி கையைக் கட்டிக்கொண்டாள்.

"மாப்ளே" என்றார் ஃபோகஸ், தன் செருப்பைப் பார்த்தபடி. "உன்னைத் திருடன்னு சொன்னது தப்பு. மன்னிச்சுடு. இந்தக் கடைப் படி உனக்கும்தான்."

மச்சான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கேமராவைத் தூக்கி வீடியோவில் வைத்தான்.

"வெளிச்சம் பத்தல மாமா. ஜன்னல் பக்கம் திரும்பி நின்னு இன்னொரு தடவை சொல்லுங்க."

ஃபோகஸ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று இன்னொரு தடவை சொன்னார். இந்த முறை தலையையும் நிமிர்த்தினார்.

"அக்கா, நீ படத்துல வரல. நீயும் பக்கத்துல நில்லு. மாமா, கடைசியா ஒரு தடவை."

மூன்றாவது தடவையும் சொல்லிவிட்டு ஃபோகஸ் நெற்றியைத் துடைத்தார். "போதும்டா. மூணும் ஒண்ணுதான். ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததைக் கழிச்சுடு."

"கழிக்கவா?" என்றாள் மனைவி. கையைப் பிரித்து, தம்பியிடமிருந்து கேமராவை வாங்கிக் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டினாள். "மூணும் இருக்கட்டும்."