அம்மாவின் கூடைக் கயிறு

கத்தரிக்கோலைக் கீழே வைத்த பிறகுதான், கேட்டுவிட்டு வெட்டியிருக்கலாமோ என்று சுபாஜினிக்குத் தோன்றியது.

மறுநாள் பண்டாரவளைப் பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி. அவளும் தோழி றிப்தாவும் டி.என்.ஏ. மாதிரி செய்ய வேண்டும். உயிர்களின் உடம்புக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத முறுக்கேணி அது. முதலில் கம்பியில் செய்தார்கள். விஞ்ஞான மிஸ் அதைப் பார்த்து, சரியில்லை என்று தலையை ஆட்டினார்.

"இது வளையாதே பிள்ளைகளா. புரதம் வந்து ஏணியில தன்னோட இடத்தைத் தேடும். படியில உள்ள எழுத்தை மட்டும் பார்க்காது. எங்க குறுகலா இருக்கு, எங்க லேசா வளையுதுன்னும் பார்த்துத்தான் உட்காரும்."

அதனால்தான் கயிறு தேடினாள். தோட்டத்து லய வீட்டுச் சுவரில், அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடை தொங்கியது. போன வருட மழையில் மலைச்சரிவு அம்மாவைக் கொண்டுபோய்விட்டது. வீட்டிலிருந்த கூடை மிஞ்சியது. அதன் தேங்காய்த் தும்புக் கயிற்றைச் சரிபாதியாக மடித்து, நடுவில் வெட்டிவிட்டாள்.

தம்பி துஷாந்த் பாடசாலை விட்டு வந்ததும், வழக்கம்போலக் கண்ணை மூடிக் கூடையைத் தடவினான்.

"அக்கா, அம்மா இடம் எங்க?"

"எந்த இடம்டா?"

"கயிறு முழுக்கக் குத்தும். அம்மா தலையில மாட்டுற இடம் மட்டும் மெத்துன்னு இருக்கும்."

சுபாஜினி வெட்டிய முனைகளைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் தட்டையாக, மெத்தென்று இருந்தன.

"ரெண்டாக்கிட்டியா?"

வேறு கயிறு வாங்கித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் எந்தக் கடையிலும் அந்த இடம் கிடைக்காது.

ஈர்க்குகளில் நிற மணிகளைக் கோத்து, இரண்டு கயிற்றுக்கும் நடுவே படிகளாகக் கட்டினாள். வெட்டிய முனைகள் இரண்டையும் அருகருகே வைத்தாள். "நாளைக்கு நீயும் வர்றே. இதை நீதான் தூக்கிட்டு வரணும்" என்றாள்.

கண்காட்சியில் மிஸ் கேட்டார்: "புரதம் தன் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கும்?"

"இவன்தான் மிஸ் புரதம்" என்றாள் றிப்தா.

"நான் என்ன பருப்பா?" என்று முறைத்தான் துஷாந்த். எல்லோரும் சிரித்தார்கள்.

"கண்ணை மூடிக்கிட்டு உன் இடத்தைத் தேடுடா" என்றாள் அக்கா.

அவன் விரல்கள் ஏணியைத் தடவிப் போயின. மணிகளைத் தாண்டி, முரட்டுக் கயிற்றைத் தாண்டி, ஓர் ஓரத்தில் நின்றன.

"இங்க. இதுதான் வளைஞ்சு குடுக்குது."

மிஸ் குனிந்து அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "இதை நம்ம ஆய்வுகூடத்துல வச்சுக்கலாமா?" என்றார்.

"இல்ல மிஸ். இது தம்பியோடது. நான்தான் கேக்காம வெட்டிட்டேன்."

வீடு திரும்பும் பூனாகலை பஸ்ஸில் துஷாந்த் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். வெட்டிய இரண்டு முனைகளும் அவன் கைக்குள் ஒன்றாக இருந்தன. பஸ் வளைவுகளில் குலுங்கியபோதெல்லாம், அந்தக் கை திறந்துவிடாமல் சுபாஜினி பிடித்துக்கொண்டாள்.